ஆறு வாரம் ஒரே வார்டில்: ஸ்கார்லெட் காய்ச்சலின் கதை

1900-களின் தொடக்கத்தில் லண்டனில் ஒரு குழந்தைக்கு ஸ்கார்லெட் காய்ச்சல் வந்தால், ஹோமர்ட்டன், ஸ்டாக்வெல் போன்ற இடங்களில் இருந்த தொற்றுநோய் மருத்துவமனைகளில் சேர்த்துவிடுவார்கள். ஆறு வாரம் அங்கேயே இருப்பது சாதாரணம். உயிருக்கு ஆபத்து என்றால்தான் பெரும்பாலும் பெற்றோரை உள்ளே விடுவார்கள். அந்த வயதில் அது எவ்வளவு பெரிய தண்டனை!

ஏன் ஆறு வாரம்? இந்த நோயில் உடம்பு முழுக்கச் சிவந்து, தடிப்பு அடங்கிய பிறகு தோல் உரியும். உரியும் செதிலில்தான் தொற்று இருக்கிறது என்று அப்போது நம்பினார்கள். உண்மையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா தொண்டையில் குடியிருந்து ஒரு நச்சை ரத்தத்தில் விடுகிறது. சிவப்பும் உரிதலும் அந்த நச்சின் வேலை. கிருமி பரவுவது தொண்டை, மூக்கு, சீழ் வடியும் காது ஆகியவற்றிலிருந்து.

காய்ச்சல் விட்டாலும் செவிலியர்கள் ஓயவில்லை. கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் கிருமியின் துணுக்குகளோடு சேர்ந்து சிறுநீரக வடிகட்டிகளில் படிந்து அழற்சியை உண்டாக்கும். பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில். அதனால் சிறுநீரைச் சோதனைக்குழாயில் காய்ச்சி, அசிட்டிக் அமிலம் சில சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். அப்புறமும் கலங்கல் நின்றால் புரதம் கசிகிறது என்று பொருள். உடனே படுக்கை ஓய்வு, பாலுணவு, வியர்க்கவைக்க வெந்நீரில் நனைத்த போர்வை. சிறுநீரகத்தைக் குணமாக்கும் மருந்து எதுவும் கையில் இல்லை. ஆனாலும் இந்தக் கண்காணிப்பு மதிப்புள்ளது. ஆபத்து முன்கூட்டியே தெரிந்தது.

காதுதான் இன்னொரு கவலை. தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் குழல் குழந்தைகளுக்குக் குட்டையாக, கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் இருக்கும். கிருமி சுலபமாக ஏறிவிடும். சீழ் காதுக்குப் பின்னால் உள்ள எலும்புக்குள் போய்விட்டால், மூளையை எட்டுவதற்குள் எலும்பை உளியால் திறந்து வடியவிட வேண்டும்.

இந்தச் சிக்கல்கள் நோயின் இயல்பு என்றே பல காலம் நினைத்தார்கள். 1934-ல் ஃபிரெடரிக் கிரிஃபித் என்ற பிரிட்டிஷ் பாக்டீரியா ஆய்வாளர் இந்தப் பாக்டீரியாவைப் பல வகைகளாகப் பிரித்துக் காட்டினார். அதை வைத்து ஆலிசன், பிரவுன் என்ற இருவர் லண்டன் வார்டுகளில் குழந்தைகளின் தொண்டையைத் திரும்பத் திரும்பச் சோதித்து, 1937-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வகையோடு உள்ளே வந்த குழந்தை, பக்கத்துக் கட்டிலிலிருந்து வேறொரு வகையை வாங்கிக்கொண்டது. பல சிக்கல்கள் அந்த இரண்டாவது தொற்றோடு சேர்ந்து வந்தன. முதல் வகைக்கு உருவான எதிர்ப்பு இரண்டாவதைத் தடுக்கவில்லை. ஊரைக் காக்க எழுப்பிய வார்டே உள்ளிருந்த குழந்தைக்கு நோய் கொடுத்தது. இந்த வரலாற்றில் என்னை மிகவும் உலுக்குவது இதுதான்.

1940-களில் பென்சிலின் வந்ததும் நிலைமை மாறியது. இன்று மருந்து தொடங்கி 24 மணி நேரம் ஆனால் குழந்தை பள்ளிக்குத் திரும்பலாம் என்கிறது பிரிட்டன் சுகாதாரத் துறை. மருந்தை முழுமையாகச் சாப்பிட்டால், இதயத்தைத் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சலையும் அது தடுக்கிறது. சிறுநீரக அழற்சியை அது அவ்வளவு உறுதியாகத் தடுப்பதில்லை. எனவே தொண்டை சரியாகிச் சில வாரங்களில் முகம் வீங்கினாலோ சிறுநீர் கறுத்துப் போனாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.