கொரில்லாவின் நெஞ்சில் எக்கோ

உயிரியல் பூங்காக்களில் வளரும் கொரில்லா, சிம்பன்சி, ஒராங்குட்டான், பொனோபோ ஆகியவற்றின் சாவுக்கு முக்கியக் காரணம் இதய நோய். நமக்கு வருவதுபோல் இரத்தக் குழாயில் கொழுப்பு அடைத்து வரும் மாரடைப்பு இவற்றில் அபூர்வம். இங்கே கெட்டுப்போவது இதயத் தசை. அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக நார்த்திசு படர்ந்து, தசை விறைத்துவிடுகிறது. துடிப்பைக் கடத்தும் மின்பாதையும் குலையலாம். வெளியில் எந்த அறிகுறியும் காட்டாமல், நேற்றுவரை நன்றாகச் சாப்பிட்ட விலங்கு திடீரென இறந்துபோகலாம்.

மீயொலியால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ சோதனை எடுத்தால் இதயச் சுவரின் தடிமன், ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தத்தின் அளவு எல்லாம் தெரியும். ஆனால் 150 கிலோவைத் தாண்டும் ஆண் கொரில்லாவை எப்படிப் படுக்க வைப்பது? வழக்கமான வழி மயக்க மருந்து. அதில்தான் சிக்கல். மெடிடோமிடின் போன்ற மருந்து இதயத் துடிப்பைக் குறைக்கும், பிரஷரை ஏற்றும். ஐசோஃப்ளூரேன் வாயு பிரஷரை இறக்கும். அப்போது கிடைக்கும் அளவு விலங்கினுடையதா, மருந்தினுடையதா? போதாததற்கு, பழுதுபட்ட இதயத்துக்கு மயக்கமே ஆபத்து.

அதனால் விழித்திருக்கும்போதே சோதிக்கப் பழக்குகிறார்கள். அமெரிக்காவின் அட்லாண்டா பூங்காவில் கொரில்லா தானாக வந்து கம்பி வலையில் நெஞ்சை அழுத்தி நிற்கும். பராமரிப்பாளர் பழம் கொடுத்துக்கொண்டே இருக்க, இன்னொருவர் ஜெல் தடவிய கருவியை வலை இடைவெளியில் வைப்பார். பிடிக்கவில்லையென்றால் அது எழுந்து போய்விடலாம், யாரும் தடுப்பதில்லை. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்ததே அந்தச் சுதந்திரம்தான். ஆனாலும் வேலை சுலபமல்ல. தொண்டையிலிருந்து மார்புவரை இறங்கும் காற்றுப் பை மீயொலியை மறித்துவிடும். சரியான கோணம் கிடைக்க வெகுநேரம் தேட வேண்டும். பிரஷர் பார்க்கவும் கையை நீட்டி ஒரு குழாய்க்குள் வைத்திருக்கப் பழக்கியிருக்கிறார்கள்.

சரி, படம் கிடைத்துவிட்டது. எது இயல்பான இதயம்? மனித அளவுகளை அப்படியே வைத்துப் பார்க்க முடியாது. சிம்பன்சியின் இடது கீழறை நம்முடையதைவிட உருண்டையானது, சுவர் தடித்தது என்று 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. நம் இதயத்தில் நோயாகத் தெரிவது அதற்கு இயல்பாக இருக்கலாம். அதனால்தான் 2010இல் தொடங்கிய பெருங்குரங்கு இதயத் திட்டம் பல பூங்காக்களின் எக்கோ பதிவுகளைத் திரட்டி, இனவாரியாக ஒப்பிட வழிசெய்கிறது.

எக்கோ பிடிக்கும் சில நிமிடங்களில் இதயத் துடிப்பின் தாளக் கோளாறு தலைகாட்டாமலும் போகலாம். அப்புறம் என்ன செய்வது? சில விலங்குகளுக்குத் தோலுக்கடியில் சிறு பதிவுக்கருவி பொருத்தி, துடிப்பை மாதக்கணக்கில் கவனிக்கிறார்கள். நோய் உறுதியானால் நாம் விழுங்கும் அதே பிரஷர் மாத்திரைகள்தான் கொடுக்கப்படுகின்றன. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க மறுபடி எக்கோ எடுக்க வேண்டும். பழகிய கொரில்லாவுக்கு அதற்கும் மயக்கம் தேவையில்லை.