காடியை உடைக்கவே போட்ட பாதை

பத்து தீகா பந்தயத் திடலை நேரில் பார்த்தவர்கள் கோலாலம்பூரில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். 1968இல் திறந்த திடல் அது. 1991 முதல் 1997 வரை மோட்டார் சைக்கிள் உலகப் போட்டியின் மலேசியச் சுற்று அங்கேதான் நடந்தது. 1999இல் செப்பாங் வந்ததும் மவுசு போய்விட்டது. 2003 வாக்கில் இடித்து, வீடு கட்ட நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். அதனால் கைவிடப்பட்ட காடிப் பாதையைச் சுற்றிப் பார்க்க ஆசைப்படும் நம் பிள்ளைகளுக்கு இணையத்தில் வரும் வெளிநாட்டுக் காணொளிகள்தான் கதி. பார்க்கட்டும். ஆனால் பந்தயப் பாதை வேறு, காடி செய்பவர்கள் அதை ஓட்டிப் பார்க்கும் சோதனைப் பாதை வேறு. பந்தயப் பாதையில் யார் முந்துகிறார் என்பது கேள்வி. சோதனைப் பாதையில் எது முதலில் உடைகிறது என்பதே கேள்வி.

இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்தது இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ். அப்போது அந்நாட்டுச் சாலைகளில் மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக்கூடாது என்று சட்டம். காடி செய்பவர்கள் அதை எங்கே ஓட்டிப் பார்ப்பார்கள்? ஹியூ லாக் கிங் என்ற நிலச்சுவான்தார் தன் சொந்த நிலத்திலேயே 4.4 கிலோமீட்டர் சுற்றுப்பாதை போட்டுக் கொடுத்தார். 1907இல் திறந்த அந்தப் பாதையில் 1939க்குப் பிறகு போட்டியே நடக்கவில்லை. போர்க்காலத்தில் எதிரி விமானங்களின் கண்ணுக்குப் படாமலிருக்க அதன்மேல் மரம்கூட நட்டார்கள். எஞ்சிய துண்டுகளில் இன்றும் நடக்கலாம். பாதையின் அகலம் 30 மீட்டர். வளைவில் வெளி விளிம்பு ஏறக்குறைய 9 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. முதலில் பார்ப்பவர்கள் இது பாதையா, அணைக்கட்டா என்று யோசிப்பார்கள்.

ஏன் அவ்வளவு சரிவு? வளைவில் திரும்பும் காடி நேராகப் போகத்தான் பார்க்கும். அதை உள்ளே இழுத்துப் பிடிப்பது டயரின் உராய்வு மட்டுமே. வேகம் இருமடங்கானால் தேவைப்படும் பிடி நான்கு மடங்காகும், டயர் ஒரு கட்டத்தில் கைவிட்டுவிடும். பாதையையே உள்பக்கம் சாய்த்துப் போட்டால், காடியைத் தாங்கும் தரையின் உந்துதலில் ஒரு பங்கு வளைவின் மையத்தை நோக்கித் திரும்பிவிடுகிறது. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் அந்தப் பங்கே போதும், பக்கவாட்டில் டயருக்கு வேலையே இல்லை. நேர்ச்சாலையில் போவதுபோல ஸ்டீயரிங்கைத் திருப்பாமலே வளைவைக் கடக்கலாம்.

கணக்கு எளிது. வேகத்தின் வர்க்கத்தை, வளைவின் ஆரத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தால் சரிவுக் கோணத்தின் டேன் மதிப்பு கிடைக்கும். ஆரம் 100 மீட்டர், சரிவு 30 பாகை என்றால் அந்த வேகம் மணிக்கு 86 கிலோமீட்டர். இதில் எடைக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். லாரிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஒரே வேகம்தான். இத்தாலியின் நார்தோ வட்டப்பாதைக்கு விட்டம் 4 கிலோமீட்டர், அதன் வெளித்தடத்தில் இந்த வேகம் மணிக்கு 240.

எல்லா வளைவையும் இப்படிச் செங்குத்தாகச் சாய்த்துவிட முடியாதா என்று கேட்கலாம். காராக் நெடுஞ்சாலையில் மழை நேரம், நெரிசலில் லாரி நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிவு அதிகமாக இருந்தால் நின்ற லாரி அப்படியே உள்பக்கம் வழுக்கி இறங்கும். ஆகவே நம் சாலைகளில் சில பாகைச் சரிவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சோதனைப் பாதையில் பெரும்பாலும் சரிவும் ஒரே அளவாக இருக்காது, மேலே போகப் போகச் செங்குத்தாகும். ஒவ்வொரு உயரத்துக்கும் ஒரு வேகம். கைவிட்ட பாதையில் கீழ் விளிம்பிலிருந்து சுலபமாக ஏறத் தொடங்குகிறவர்கள் பாதியில் கையூன்றுவது இதனால்தான்.

வேகம் இருக்கட்டும், எனக்குப் பிடித்தது மெதுவாக ஓட்டும் பகுதி. பெல்ஜியத்தின் பழைய கல்பாவிய சாலைகளை அச்சு அசலாகப் படியெடுத்துப் பல சோதனைத் தளங்களில் பதித்திருக்கிறார்கள். கற்கள் மேலும் கீழுமாக இருப்பதால் இடச்சக்கரம் ஏறும்போது வலச்சக்கரம் இறங்கும், காடியின் உடம்பே முறுக்கப்படும். அப்சோர்பர் அந்த ஆட்டத்தை எல்லாம் விழுங்கி வெப்பமாக்குகிறது. உள்ளே எண்ணெய் சூடேறி இளகிவிடும். இடையிடையே ஆறவிடாவிட்டால் பாகத்தின் உண்மையான ஆயுளைச் சோதித்ததாக ஆகாது.

இதற்குப் பின்னால் இருப்பது உலோகச் சோர்வு. கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்போமே, அதே சங்கதி. 19ஆம் நூற்றாண்டில் ரயில் அச்சுகள் முறிவதை ஆராய்ந்த ஜெர்மானியர் வூலர் இதை அளந்து காட்டினார். அழுத்தம் கூடக் கூட, தாங்கும் தடவைகள் சரசரவெனக் குறைகின்றன. பற்றவைத்த எஃகு இணைப்பில் அழுத்தம் இருமடங்கானால் சேதம் எட்டு மடங்கு, மும்மடங்கானால் 27 மடங்கு. பல ஆண்டு ஓட்டத்தைச் சில வாரங்களில் அடக்க முடிவது இந்தக் கணக்கால்தான்.

செந்தூலில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “அதுக்கு எதுக்கு தம்பி பெல்ஜியம் கல்லு? எங்க கடைக்கு வர்ற ரோட்டுல ரெண்டு மாசம் ஓட்டச் சொல்லு, அப்சோர்பர் தானா கழன்டு வரும்” என்றார். நியாயம்தான். ஆனால் அந்த ரோட்டுக் குழி இன்று இருக்கும், தேர்தல் வந்தால் நாளைக்கு இருக்காது. நேற்று ஓட்டிய காடியையும் இன்று ஓட்டும் காடியையும் ஒப்பிட வேண்டுமென்றால் அதே கல், அதே வேகம், அதே திசை வேண்டும்.

சரி, இத்தனை காடி ஓடியும் பாதை ஏன் தேயவில்லை? இதற்குப் பதில் வேறொரு சோதனைப் பாதையில் கிடைத்தது. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில், 1958 முதல் 1960 வரை ராணுவ ஓட்டுநர்களை வைத்து லாரிகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். அங்கே சோதித்தது லாரியை அல்ல, சாலையை. அச்சுச் சுமை இருமடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு என்று தெரிந்தது. சின்ன காடியின் ஓர் அச்சில் அரை டன், மணல் லாரியின் அச்சில் 10 டன் என்று வைத்துக்கொள்வோம். அந்த லாரி அச்சு ஒருமுறை கடப்பதும் காடி அச்சு 160,000 முறை கடப்பதும் சாலைக்கு ஒன்று. கிள்ளான் பக்கம் சாலை ஏன் அப்படிக் கிடக்கிறது என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

ஆக, கைவிட்ட பாதையைக் கெடுப்பது பழைய காடிகள் அல்ல, வெயிலும் தண்ணீரும்தான். தார் வெயிலிலும் காற்றிலும் இறுகி, சுருங்கி, வெடிக்கும். விரிசல் வழியே மழைநீர் இறங்கி அடிமண்ணை இளக்கும். நம் ஊராக இருந்தால் அடுத்த வேலையை லாலாங் புல் பார்த்துக்கொள்ளும், அதன் மண்ணடித் தண்டின் நுனி ஊசிபோலக் கூர். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு வேறு. அத்துமீறி நுழைகிறவர்கள் பேயைவிட இதற்குத்தான் பயப்பட வேண்டும்.

காணொளியில் அடுத்த தடவை தரையை நெருங்கிக் காட்டும்போது விரிசலைப் பாருங்கள். பாதை முழுக்கக் கட்டம் கட்டமாகப் பிளந்திருந்தால் அது வயதின் வேலை. சக்கரம் போகும் தடத்தில் மட்டும் முதலைத்தோல்போலப் பொடிப்பொடியாக வெடித்திருந்தால் அந்தத் தடத்தில் ஓடியது காடி அல்ல, கனரக லாரி.