இன்டர்ஆப்பரபிலிட்டி: இணைந்தியங்குதிறன்

வெவ்வேறு தயாரிப்பில் உருவான இரண்டு அமைப்புகள் தங்களுக்குள் தகவலைப் பரிமாறி, அதை வைத்து வேலையும் பார்க்க முடிவதுதான் இன்டர்ஆப்பரபிலிட்டி. லத்தீனில் ‘இன்டர்’ என்றால் இடையே, ‘ஓப்பராரி’ என்றால் வேலை செய்தல். மென்பொருள்காரர்கள் வாயில் இச்சொல் அதிகம் புழங்குகிறது. ஆனால் இதன் முழு எடையை உணர்ந்தவர்கள் படைத்துறையினர்தான்.

காலாட்படை ரேடியோக்கள் பொதுவாக 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸில், எஃப்.எம். முறையில் பேசுபவை. போர் விமானங்கள் பெரும்பாலும் 225 முதல் 400 மெகாஹெர்ட்ஸில், ஏ.எம். முறையில் பேசும். இரண்டும் காரணத்தோடு வந்தவைதான். தாழ்ந்த அலைவெண் மேடு பள்ளங்களையும் மரங்களையும் ஓரளவு சமாளிக்கும். வானில் தடையே இல்லாததால் விமானத்துக்கு உயர் அலைவெண் போதும், ஆண்டெனாவும் சின்னதாகிவிடும். ஏ.எம்.மில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் கீச்சொலி காட்டிக்கொடுக்கும், எஃப்.எம்.மில் வலுத்த குரல் மற்றதை விழுங்கிவிடும். தனித்தனியே பார்த்தால் இரண்டுமே நல்ல ரேடியோக்கள். ஆனால் ஒன்றில் பேசுவது மற்றதில் கேட்காது. விமானத்தை வழிநடத்தும் தரைப்படை வீரருக்குத்தான் திண்டாட்டம்.

சரி, எல்லா அலைவெண்ணுக்கும் ஒரே ரேடியோ கொடுத்தால்? 30 முதல் 512 மெகாஹெர்ட்ஸ் வரை பிடிக்கும் கைக்கருவிகளே வந்துவிட்டன. அப்படியும் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். எதிரி ஒட்டுக்கேட்காமலும் இரைச்சலால் முடக்காமலும் இருக்க, அமெரிக்கத் தரைப்படையின் சின்கார்ஸ் ரேடியோ நொடிக்கு நூறு தடவைக்கு மேல் அலைவெண் தாவுகிறது. எதிர்முனையும் அதே வரிசையில், அதே கடிகாரத்துக்கு, அதே குறியீட்டுச் சாவியோடு தாவியாக வேண்டும். ஒன்று பிசகினாலும் இரைச்சல்தான் கேட்கும்.

1994 ஏப்ரல் 14 அன்று வடக்கு ஈராக்கில் அமெரிக்க எஃப்-15 விமானங்கள் இரண்டு, தங்கள் நாட்டுத் தரைப்படையின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்கள் இரண்டையே சுட்டு வீழ்த்தின. 26 பேர் இறந்தார்கள். தவறுகள் பல சங்கிலியாகக் கோத்த விபத்து அது. அடையாளம் காண்பதில் பிழை, கண்காணிப்பில் கோட்டைவிட்டது. அவற்றோடு, இரு தரப்பும் வெவ்வேறு அலைவெண்ணில் இருந்தன. விமானங்கள் பயன்படுத்திய தாவல் முறைக்கு ஈடுகொடுக்கும் வசதியும் ஹெலிகாப்டர் ரேடியோவில் இல்லை.

இனி தமிழ்ச்சொல். ‘இடைச்செயல்பாடு’ கண்ணில் படுகிறது. லத்தீனை அப்படியே பெயர்த்தது, இடையில் யாரோ குறுக்கிடுவதுபோல் ஒலிக்கிறது. ‘இயங்குதன்மை’ என்றால் தனியாக ஓடும் மோட்டாருக்கும் பொருந்தும். ‘ஒத்திசைவு’ அழகான சொல், ஆனால் அது கம்பாட்டிபிலிட்டிக்கு உரியது: ஒன்றுக்கொன்று இடைஞ்சல் தராத இரண்டு ரேடியோக்கள் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாமலும் இருக்கலாம். ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு ‘இயங்குதளம்’ ஏற்கெனவே நிலைத்துவிட்டதால், அதே வேரிலிருந்து ‘இணைந்தியங்குதிறன்’ என்பதே என் தேர்வு. கொஞ்சம் நீளம்தான். ஆனால் வினையாக்கினால் இடறாது: ‘இந்த ரேடியோ விமானத்தினுடையதோடு இணைந்தியங்கும்’, ‘அது இணைந்தியங்காது’.