துருவில் இல்லை டெட்டனஸ், சேவல் இறகில் இருக்கலாம்

"ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முள் டாக்டர், துருவே பிடிக்காது. டி.டி. ஊசி எதுக்கு?" கட்டைவிரலில் தூண்டில் முள் ஏறிய நிலையில் போன வாரம் ஒருவர் என்னிடம் வாதாடினார். முகத்துவாரத்தில் கொடுவா பிடிக்க அவரே கட்டிய போலி இரை. அமெரிக்காவில் லெஃப்டி கிரே என்ற தூண்டில்காரர் பிரபலமாக்கிய 'டிசீவர்' இரை மாதிரி. அங்கே மான் வால் முடி, இவரிடம் ஆட்டு வால் முடி. கூடவே சேவல் இறகு. வேலைப்பாடு நன்றாகவே இருந்தது. இறகைக் கறிக்கடையில் வாரி வந்து மொட்டை மாடியில் காயவைத்தாராம்.

எத்தனை தடவைதான் சொல்வது? டெட்டனஸ் துருவிலிருந்து வருவதில்லை. அந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் கோழி எச்சத்திலும் வித்துகளாகக் கிடக்கிறது. துருப்பிடித்த ஆணிக்குக் கெட்ட பெயர் வந்ததே அது மண்ணில் கிடந்ததால்தான். பளபளக்கும் புது முள் எச்சம் ஒட்டிய இறகோடு சதைக்குள் ஆழமாகப் போனாலும் ஆபத்து அதேதான். காற்றுப் புகாத இடம்தான் அந்தக் கிருமிக்கு வேண்டும். மொட்டை மாடி வெயிலை நம்பாதீர்கள். கொதிநீரையே கொஞ்ச நேரம் தாங்கும் வித்து அது. நாங்கள் கருவிகளை ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவிக் கலத்தில், 121 டிகிரியில் வைப்பது பொழுதுபோகாமலா?

அப்புறம், உப்புத் தண்ணீர் காயத்தைச் சுத்தம் செய்துவிடும் என்று ஒரு கோஷ்டி. விப்ரியோ கிருமிக்கு வீடே உப்புத் தண்ணீர்தான். கல்லீரல் நோயோ சர்க்கரையோ உள்ளவர்களுக்கு ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகும். சிவப்பு பரவினால், கொப்புளம் வந்தால், ராத்திரியானாலும் வந்துவிடுங்கள்.

இறகு கட்டவே கூடாது என்று சொல்லவில்லை. தோலும் சதையும் ஒட்டியதை எறிந்துவிட்டு, மிச்சத்தைச் சோப்பு நீரில் அலசுங்கள். அழுக்கு குறையும், அவ்வளவுதான். ஊசிக்கு அது ஈடாகாது. எல்லாத் தவணையும் முடித்தவராக இருந்தாலும், கடைசி ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் இந்த மாதிரி அழுக்குக் காயத்துக்கு மறுபடி போட வேண்டும். இப்போது அந்த ஊசி டிஃப்தீரியாவுக்கும் (தொண்டை அடைப்பான்) சேர்த்தே வருகிறது.

இறகு கட்டும் முன்பே, தூண்டில் முள்ளின் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நிற்கும் அந்தச் சின்ன முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். தூண்டில் நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால் மீன் நழுவாது. விரலில் ஏறினாலும் போன வழியே வந்துவிடும். வீசும்போது கண்ணாடி போடுங்கள். கண்ணில் ஏறிவிட்டால் தொடவே வேண்டாம். அழுத்தாமல் ஒரு காகித டம்ளரைக் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு நேரே கண் மருத்துவமனைக்குப் போங்கள்.

சுண்ணாம்பு, மஞ்சள், காபித்தூள் எதுவும் வேண்டாம், தயவுசெய்து. அதை வழித்தெடுப்பதே தனி வேலை. தூண்டில் நரம்பையும் தொங்கும் இறகையும் வெட்டிவிட்டு வாருங்கள். முள்ளின் தண்டைத் தோலோடு ஒட்ட வெட்டினால் நான் எதைப் பிடித்து எடுப்பது? கம்பி வெட்டும் குறடு இருந்தால் கொண்டுவாருங்கள், நாங்களே எலக்ட்ரீஷியனிடம்தான் கடன் வாங்குகிறோம். அதே அளவில் இன்னொரு முள் இருந்தால் அதுவும் வரட்டும், உள்ளே இருப்பது எப்படி வளைந்திருக்கும் என்று பார்த்துக்கொள்வேன். கடல் தண்ணீர் பட்ட காயம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கொடுக்கும் மாத்திரை மாறும்.