‘ஈகோ ஃப்ரெண்ட்லி’ என்று போட்டுவிட்டால் போதுமா? ஆதாரம் காட்டச் சொல்லும் 2024 விதி

பாத்திரம் கழுவும் லிக்விட், டூத் பிரஷ், குப்பைப் பை, தரை துடைக்கும் திரவம் என்று எதை எடுத்தாலும் இப்போது ‘ஈகோ ஃப்ரெண்ட்லி’, அதாவது சூழலுக்கு உகந்தது, என்று போட்டிருக்கிறார்கள். விலையும் கொஞ்சம் கூட. அந்த ஒரு வார்த்தைக்காகக் கூடுதல் காசு கொடுக்கிறோம் என்றால், அதற்கு ஆதாரம் காட்ட வேண்டியது விற்பவர் பொறுப்பு. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட கிரீன்வாஷிங் (சூழலுக்கு நல்லது என்று பொய்யாகக் காட்டிக்கொள்வது) தடுப்பு வழிகாட்டுதல்கள் சொல்வது இதைத்தான். தயாரிப்பாளர், விற்பவர், சேவை தருபவர், விளம்பர ஏஜென்சி, விளம்பரத்தில் நடிக்கும் பிரபலம் என எல்லோருக்கும் இவை பொருந்தும்.

பசுமை, இயற்கை, ஆர்கானிக், கார்பன் நியூட்ரல் (வெளியிடும் கார்பனை ஈடுகட்டிவிட்டது), பூமிக்கு நல்லது போன்ற பொதுவான சொற்களைச் சும்மா போட்டுவிட்டுப் போக முடியாது. எந்த வகையில் நல்லது என்ற விளக்கமும் அதற்கான சான்றும் நமக்குக் கிடைக்கும்படி இருக்க வேண்டும். மக்கும், மறுசுழற்சி செய்யலாம், பிளாஸ்டிக் இல்லாதது, நச்சில்லாதது என்று குறிப்பாகச் சொன்னால் நம்பகமான சான்றிதழோ அறிவியல் ஆதாரமோ தேவை. ‘2040-க்குள் நெட் ஜீரோ ஆகிவிடுவோம்’, அதாவது நிகர கார்பன் வெளியீட்டைப் பூஜ்ஜியமாக்குவோம், என்பது போன்ற வாக்குறுதிக்குத் தெளிவான செயல்திட்டம் கையில் இருக்க வேண்டும்.

கடையில் நிற்கும்போது நமக்கு அதிகம் உதவுவது இன்னொரு பிரிவு. சொல்லப்படும் நன்மை முழுப் பொருளுக்கா, பேக்கிங்குக்கு மட்டுமா, தயாரிக்கும் முறைக்கா, பயன்படுத்திய பிறகு அப்புறப்படுத்துவதற்கா என்பதைச் சொல்லியாக வேண்டும். ஷாம்பு பாட்டிலில் ‘மறுசுழற்சி’ என்று இருந்தால் அது பாட்டிலைப் பற்றியதாக இருக்கும். உள்ளே இருக்கும் ஷாம்புவைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. ஒப்பீட்டுக்கும் சரிபார்க்கக்கூடிய தரவு வேண்டும். ‘முன்பைவிட 50% கூடுதல் மறுசுழற்சி பிளாஸ்டிக்’ என்ற வரி, 2 சதவீதம் 3 சதவீதமானாலும் கணக்குப்படி சரிதான். அதனால் எதிலிருந்து எவ்வளவு என்று பார்ப்பது அவசியம்.

பச்சை நிறமும் இலைப் படமும் ஏமாற்றும் விதத்தில் இல்லாதவரை விதிமீறல் ஆகாது. நிறுவனத்தின் பொதுவான கொள்கை வாசகங்களுக்கும் விலக்கு உண்டு. சான்று விவரங்களை கியூஆர் கோடு அல்லது இணைய முகவரி வழியாகவும் தரலாம் என்றிருப்பது எனக்குக் குறையாகவே படுகிறது. ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டிக்கும் அந்த விவரம் பாக்கெட்டிலேயே தமிழில் தெரிய வேண்டும்.

சரி, எதை நம்பலாம்? குப்பைப் பையை எடுத்துக்கொள்வோம். ‘கம்போஸ்டபிள்’ (உரமாக மக்கும்) பிளாஸ்டிக் பை தயாரிக்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் கட்டாயம். பையில் தயாரிப்பாளர் பெயரும் சான்றிதழ் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். வாரியத்தின் இணையதளப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் இந்தப் பைகளுக்கான தரச் சோதனை ஏறக்குறைய 58 டிகிரி வெப்பமுள்ள தொழிற்கூட உரக் குவியலை வைத்து நடப்பது. வீட்டுத் தொட்டியிலோ சாக்கடையிலோ போட்டால் அதே வேகத்தில் மக்கிவிடாது. பிளாஸ்டிக் பொருட்களில் முக்கோணத்துக்குள் இருக்கும் 1 முதல் 7 வரையிலான எண்ணும் இப்படித்தான். அது பிளாஸ்டிக்கின் வகையைக் காட்டுகிறதே தவிர, உங்கள் ஊரில் அதை யாராவது எடுத்து மறுசுழற்சி செய்வார்கள் என்று உறுதி தரவில்லை.

ஃபிரிட்ஜ், ஏசி, மின்விசிறிக்கு எரிசக்தித் திறன் செயலகத்தின் நட்சத்திர லேபிள் இருக்கிறது. நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள். ஃபிரிட்ஜ், ஏசி லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் என்ற எண்ணையும், லேபிள் எந்தக் காலத்துக்கு உரியது என்பதையும் பாருங்கள். அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குவதால் பழைய 5 நட்சத்திரம் புதிய கணக்கில் குறையலாம். பாக்கெட்டில் வரும் ஆர்கானிக் உணவு என்றால் அரசின் ஆர்கானிக் முத்திரையான ‘ஜைவிக் பாரத்’ சின்னத்தைத் தேடுங்கள். என்னைக் கேட்டால், வீட்டில் இருக்கும் எவர்சில்வர் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு ‘சூழலுக்கு உகந்த’ மூங்கில் டப்பா வாங்குவது தேவையில்லாத வேலை.

சந்தேகம் வந்தால் பாக்கெட்டை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து, பில்லையும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் முகவரிக்கு எழுதிச் சான்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தவறான விளம்பரம் பற்றி மாவட்ட ஆட்சியரிடமோ மத்திய ஆணையத்திடமோ எழுத்திலும் புகார் தரலாம். ஆணையம் விளம்பரத்தை நிறுத்தச் சொல்லவும், 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் முடியும். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. உங்களுக்குத் தனிப்பட்ட இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.