நிலைபொருள்: ரவுட்டருக்குள் நிலைத்திருப்பது எது?

ரவுட்டரின் அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். மாடல் பெயர், வரிசை எண், வைஃபை கடவுச்சொல் எல்லாம் அதில் உண்டு. உள்ளே பதிந்திருந்து பெட்டியை இயக்கும் நிரலான பர்ம்வேருக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் புதுப்பிப்பு வரும் என்ற தகவல் இருக்காது. வாங்குபவர்களும் வேகம், ஆண்டெனா, விலை மூன்றையும் விசாரித்துவிட்டு அதைக் கேட்காமலே விட்டுவிடுகிறோம். பர்ம்வேர் என்ற சொல் நம் மனதில் சரியாகப் பதியாததும் இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அதன் பின்பாதியான 'வேர்' (ware) என்பது பழைய ஆங்கிலத்தில் விற்பனைச் சரக்கைக் குறித்த சொல். ஹார்டுவேர் என்றால் முதலில் ஆணி, பூட்டு, கீல் போன்ற இரும்புச் சாமான்கள்தான். கணினி வந்த பிறகு இயந்திரப் பகுதிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கு எதிர்ப்பதமாக சாப்ட்வேர் பிறந்தது. ஜான் டூக்கி என்ற கணித அறிஞர் 1958-ல் எழுதிய கட்டுரை ஒன்றில், இன்றைய பொருளிலேயே அது அச்சில் வந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே வந்து உட்கார்ந்த சொல்தான் பர்ம்வேர். உறுதியான, அசையாத என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அதன் முன்பாதி. 1967-ல் டேட்டாமேஷன் என்ற கணினி இதழில் ஆஷர் ஆப்லர் என்பவர் அதை எழுதினார்.

அவர் எதைக் குறித்தார் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 'இந்த இரண்டு எண்களைக் கூட்டு' என்று கணினிக்கு ஒரு கட்டளை தருகிறோம். இயந்திரத்துக்குள் அது பல குட்டிப் படிகளாகப் பிரிந்துதான் நடக்கிறது. அந்தப் படிகளையே ஒரு நிரலாக எழுதி வைக்கலாம் என்று 1951-ல் கணினி அறிஞர் மாரிஸ் வில்க்ஸ் யோசனை சொன்னார். அந்த நிரல் இருக்கும் இடம் திரும்ப எழுதக்கூடியதாக இருந்தால் என்ன ஆகும்? கம்பி ஒன்றைக்கூடத் தொடாமல், இயந்திரம் புரிந்துகொள்ளும் கட்டளைகளையே மாற்றிவிடலாம். அப்படி ஏற்றப்படும் நிரலுக்குத்தான் ஆப்லர் பர்ம்வேர் என்று பெயர் வைத்தார். அதாவது, மாற்ற முடியும் என்பது இந்தச் சொல்லின் பிறவிக் குணம்.

பின்னால் அந்தக் குணம் மறைந்துபோனது. படிக்க மட்டுமே முடிகிற நினைவகச் சில்லுகளில் நிரலைப் பதித்து விற்றார்கள். மாற்ற வேண்டுமென்றால் சில்லையே கழற்ற வேண்டும். 'உறுதி' என்பது 'தொழிற்சாலையில் போட்டது போட்டதுதான்' என்று ஆகிவிட்டது. 1984-ல் ஃபுஜியோ மசுவோகா அறிமுகப்படுத்திய பிளாஷ் நினைவகம் பரவிய பிறகுதான், மின்சாரம் போனாலும் அழியாததும் வேண்டும்போது அழித்து எழுதக்கூடியதுமான இடம் சின்னப் பெட்டிகளுக்கெல்லாம் கிடைத்தது. இன்றைய ரவுட்டரின் பர்ம்வேர் அங்கேதான் இருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? மென்பொருள், வன்பொருள் இரண்டும் நன்றாகவே வேரூன்றிவிட்டன. சரக்கு என்பதற்கு 'பொருள்' கச்சிதமாகப் பொருந்தியதும் நம் நல்லூழ். அதே வரிசையில் மூன்றாவது சொல்லைத் தேடும்போது 'திடப்பொருள்' என்று சொல்லத் தோன்றும். ஆனால் அது இயற்பியலில் திரவத்துக்கும் வாயுவுக்கும் எதிரே நிற்கும் சொல். 'உறுதிப்பொருள்' என்றால் அறம், பொருள், இன்பம், வீடு நான்கும் நினைவுக்கு வந்துவிடும். மிஞ்சுவது, கலைச்சொல் பட்டியல்களில் ஏற்கெனவே இடம்பிடித்திருக்கும் 'நிலைபொருள்'. என் ஓட்டும் அதற்கே.

இதைச் சிலர் 'நிலைப்பொருள்' என்று ஒற்று சேர்த்து எழுதுகிறார்கள். நிலைக்கண்ணாடி, நிலைக்கதவு போல நிலை என்பதைப் பெயராக எடுத்தால் ஒற்று மிகும். நான் இதை எழுதுகோல், சுடுமண் போல வினைத்தொகையாகவே படிக்கிறேன். நிலைத்த பொருள், நிலைக்கின்ற பொருள், நிலைக்கும் பொருள் என்று மூன்று காலமும் உள்ளே அடங்கும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஒற்றில்லாத வடிவம்தான் கருத்தையும் சரியாகச் சொல்கிறது: மின்சாரம் போனாலும் நிலைக்கும், பெட்டியை அணைத்துப் போட்டாலும் நிலைக்கும். மாற்றவே முடியாது என்று இந்தச் சொல் எங்கும் சொல்லவில்லை.

இந்த 'நிலைத்தல்' எவ்வளவு முக்கியம் என்பதை 2018-ல் வந்த விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் காட்டியது. 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளில் அது புகுந்திருந்தது. பெரும்பாலும் வீட்டு, சிறு அலுவலக ரவுட்டர்கள். அது கட்டம் கட்டமாக ஏறும் நிரல். பெட்டியை அணைத்துப் போடச் சொல்லி அமெரிக்காவின் எஃப்பிஐ அறிவித்தது. அணைத்துப் போட்டால் அதன் பின்கட்டப் பகுதிகள் அழிந்தன. முதல் கட்டம் அப்படியே நின்றது. பிளாஷ் நினைவகத்தில் அதுவும் இடம்பிடித்திருந்ததுதான் காரணம். தயாரிப்பாளர் புதுப்பிப்பை நிறுத்திவிட்ட பெட்டியில் பாதுகாப்பு ஓட்டைகளும் இப்படித்தான் நிலைத்துவிடுகின்றன. என்னிடமும் அப்படி ஒரு ரவுட்டர் இருந்தது. வன்பொருளில் ஒரு குறையும் இல்லை, நிலைபொருள் மட்டும் பல ஆண்டுப் பழசு. நல்ல பெட்டியைக் குப்பையில் போட மனம் வராமல்தான், தயாரிப்பாளர் தந்ததற்குப் பதிலாக மற்றவர்கள் எழுதித் தரும் மாற்று நிலைபொருள் பக்கம் போனேன்.

ரவுட்டர் என்ற சொல்லுக்கும் திசைவி, வழிச்செயலி, வழிப்படுத்தி என்று பல பெயர்கள் புழங்குகின்றன. ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் முகவரியையும் பார்த்து எந்த வழியில் அனுப்புவது என்று அது முடிவு செய்கிறது. ஆகவே திசையைவிட வழியே பொருத்தம். எனக்குப் பிடித்தது வழிப்படுத்தி. வீட்டுப் பெட்டியில் இந்த வேலையோடு வைஃபை, தீயரண், கம்பி இணைப்புகளைச் சேர்க்கும் சுவிட்ச் எல்லாமே இருப்பதால், பேச்சில் ரவுட்டர் என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.

மாற்று நிலைபொருள் என்ற சொல்லாட்சி புழக்கத்துக்கு வர ஒரே ஒரு மாடல் பெரிய காரணம். 2002 டிசம்பரில் வந்த லிங்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி. அதற்குள் லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளம் ஓடுகிறது என்பது 2003-ல் தெரியவந்தது. லினக்ஸுக்கான ஜிபிஎல் உரிமப்படி மூலநிரலைத் தர வேண்டும் என்று ஆர்வலர்கள் கேட்டார்கள். அந்த ஆண்டே அது வெளியானது. 2004-ல் தொடங்கிய ஓபன்டபிள்யூஆர்டி என்ற மாற்று நிலைபொருள் தன் பெயரின் பின்பாதியை அந்த மாடலிலிருந்துதான் எடுத்துக்கொண்டது. அப்புறம் டிடி-டபிள்யூஆர்டி, டொமேட்டோ என்று வரிசையாக வந்தன.

அதே மாடலின் 5-ஆம் பதிப்பில் பிளாஷ் 4 எம்பியிலிருந்து 2 எம்பியாகவும், ரேம் 16 எம்பியிலிருந்து 8 எம்பியாகவும் பாதியாகக் குறைந்தன. லினக்ஸ் இடத்தில் விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற வேறோர் இயங்குதளம் வந்தது. அட்டையில் இருந்த மாடல் பெயர் மட்டும் மாறவில்லை. ரவுட்டர் வாங்கும்போது மாடல் பெயரோடு வன்பொருள் பதிப்பு எண்ணையும் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஓபன்டபிள்யூஆர்டி திட்டத்தின் கருவிப் பட்டியலில் ஒவ்வொரு பதிப்பையும் தனித்தனியாகக் குறித்திருப்பார்கள். இப்போது வாங்குவதென்றால் பிளாஷ் 16 எம்பி, ரேம் 128 எம்பிக்குக் கீழே போகாதீர்கள். 4 எம்பி பிளாஷும் 32 எம்பி ரேமும் உள்ள பழைய பெட்டிகளுக்கு அங்கே ஆதரவு நின்றுவிட்டது. சில்லும் முக்கியம். மீடியாடெக், குவால்காம் சில்லுகள் பலவற்றின் வைஃபைக்குத் திறந்த மூல இயக்கிகள் (வன்பொருளை இயக்கும் நிரல்கள்) உண்டு. பிராட்காம் வைஃபை என்றால் ஓபன்டபிள்யூஆர்டியில் பெரும்பாலும் சிரமம்.

ஓபன்டபிள்யூஆர்டி பிளாஷ் நினைவகத்தைப் பங்கிடும் விதத்திலும் இந்தச் சொல்லின் பொருள் தெரிகிறது. பெரும்பாலான ரவுட்டர்களில் அடியில் படிக்க மட்டுமே முடிகிற ஓர் அடுக்கு, அதன் மேல் நம் அமைப்புகளும் நாம் சேர்க்கும் நிரல்களும் போகும் எழுதக்கூடிய அடுக்கு. குழப்பிவிட்டோம் என்றால் மேலடுக்கை அழித்தால் போதும், கீழடுக்கு நின்றபடி நிற்கும்.

புது நிலைபொருளை ஏற்றும்போது பாதியில் மின்சாரம் போனால், அல்லது வேறு மாடலுக்கான கோப்பை ஏற்றிவிட்டால், ரவுட்டர் எழுந்திருக்காமல் போகலாம். இதை 'ப்ரிக் ஆகிவிட்டது' என்பார்கள், அதாவது செங்கல்லாகிவிட்டது. முதலில் ஓடி நிலைபொருளைத் தட்டி எழுப்பும் துவக்கநிரல் பிழைத்திருந்தால், பல மாடல்களில் கம்பி வழியாகவே திரும்ப ஏற்றிவிடலாம். ஏற்றத் தொடங்கும் முன்பே உங்கள் மாடலுக்கான மீட்புமுறையைப் படித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2024-ல் ஓபன்டபிள்யூஆர்டி திட்டமே வெளியிட்ட ஓபன்டபிள்யூஆர்டி ஒன் என்ற ரவுட்டரில் இதற்கென்றே இரண்டு பிளாஷ் சில்லுகள் வைத்திருக்கிறார்கள். அன்றாடம் ஓடுவது 256 எம்பி சில்லிலிருந்து. அது கெட்டுப்போனால் ஒரு விசையை நகர்த்தி, மீட்புக்கென்று ஒதுக்கிய 16 எம்பி சில்லிலிருந்து பெட்டியை எழுப்பலாம்.