தேற்றுதல்: நாயின் நடையை மீட்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்

கச்சான் காற்று வீசும் காலத்தில் திருகோணமலை உப்புவெளிக் கடல் குளம் போலக் கிடக்கும். போன ஆனி மாதம் விடியற்காலைகளில் அங்கே ஒரு பையனைப் பார்த்தேன். ஓட்டோ அடித்துப் பின்னங்கால்கள் தளர்ந்துபோன தன் நாயைத் தண்ணீருக்குள் நடத்திக்கொண்டிருப்பான். பழைய சாரம் ஒன்றை மடித்து அதன் வயிற்றுக்குக் கீழே கொடுத்து, இரண்டு முனையையும் முதுகுக்கு மேலே பிடித்திருப்பான். கரையேறும்போது ஈர மணலில் முன்னங்கால்களின் தடம் தெளிவாகத் தெரியும். பின்னங்கால்களுக்கு, விரல் மடங்கி இழுபட்ட இரண்டு கோடுகள்தான். மூன்றாவது கிழமை இடதுபக்கக் கோடு இடையிடையே அறுந்து, அந்த இடத்தில் நாலு விரலும் பதிந்திருந்தது. “அண்ணா, பாருங்கோ, கால் வைக்கிறான்!” என்றான்.

மிருக வைத்தியர் துண்டில் எழுதிக் கொடுத்த சொல் ‘ரிஹபிலிட்டேசன்’, அதாவது இழந்த இயக்கத்தைப் பயிற்சியால் மீட்பது. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அவன் கேட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

நம் நாட்டில் அதற்குக் கைவசம் இருக்கும் சொல் ‘புனர்வாழ்வு’. ‘மறுபடி’ என்ற பொருளுள்ள வடமொழிப் ‘புனர்’ என்பதோடு தமிழ் ‘வாழ்வு’ சேர்ந்தது. ஆனால் 2009இல் போர் முடிந்த பிறகு திருகோணமலையில் இந்தச் சொல்லைக் கேட்டால் முகாமும், அங்கே இருந்து திரும்பி வந்த பிள்ளைகளும்தான் நினைவுக்கு வருவார்கள். அந்தப் பாரத்தை ஒரு நாயின் காலில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. பொருளும் பொருந்தவில்லை. நாய்க்கு வாழ்வு இருக்கிறது, நடைதான் போயிருக்கிறது. ‘மறுவாழ்வு’ என்றாலும் இதே சிக்கல்தான்.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன். அதில் உள்ள ‘ஹபிலிஸ்’ என்பதற்கு ‘இயலக்கூடிய, தகுதியான’ என்று பொருள். இடைக்கால ஐரோப்பாவில் இழந்த பதவியையோ உரிமையையோ ஒருவருக்குத் திருப்பிக் கொடுப்பதை இப்படிச் சொன்னார்கள். உடலுக்கு வந்தது அதற்குப் பிறகு. இதோடு சேர்ந்து வரும் ‘தெரபி’ கிரேக்கச் சொல். அருகில் இருந்து பணிவிடை செய்தல், கவனித்தல் என்பது அதன் பழைய பொருள். நாம் சொல்லும் ‘சிகிச்சை’யும் வடமொழியில் ‘கவனி, உணர்’ என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்ததுதான். தமிழிலும் வைத்தியம் ‘பார்க்கிறோம்’, நோயாளியைப் ‘பார்த்துக்கொள்கிறோம்’. சொல்ல வாயில்லாத உயிருக்கு இதைவிடப் பொருத்தமான சொற்கள் கிடைக்குமா?

விலங்குக்கு வைத்தியம் என்ற பேச்சும் புதிதில்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் வெட்டுவித்த இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதருக்கு ஒன்று, விலங்குக்கு ஒன்று என இரண்டு வகைச் சிகிச்சைகளைச் சொல்கிறது. பிராகிருதத்தில் ‘மனுச சிகீச்சா, பசு சிகீச்சா’. அவை நடந்த இடங்களின் வரிசையில் சோழர், பாண்டியர் நாடுகளோடு ‘தம்பபண்ணி’ என்று நம் தீவின் பெயரும் வருகிறது.

சரி, தமிழ்ச் சொல்? என் தெரிவு ‘தேற்றுதல்’. காய்ச்சல் விட்டு எழும்பிய பிள்ளையை ‘உடம்பு தேறி வருது’ என்கிறோம். தானாக நடந்தால் தேறுதல், ஒருவர் துணைநின்று நடத்தினால் தேற்றுதல். துக்கத்தில் இருப்பவரைத் தேற்றுவதும் இதே சொல்தான். கலங்கிய நீரைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டையையும் நினைத்துக்கொள்ளுங்கள். கலங்கிப்போனதைப் பொறுமையாகப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்ற பொருள் இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே ‘தேற்றுச் சிகிச்சை’, ‘தேற்றுப் பயிற்சி’ என்று எழுதலாம். ‘இயன்மருத்துவம்’ பிசியோதெரபிக்கு மட்டும் உரியது, அதை அப்படியே விட்டுவிடலாம்.

இன்னொரு சொல்லையும் இங்கே திருத்திக்கொள்ள வேண்டும். தடவுதல், ஒத்தணம், ஊசிகுத்தும் அக்குபங்சர் போன்றவற்றைப் பலர் ‘மாற்று மருத்துவம்’ என்று எழுதுகிறார்கள். ‘மாற்று’ என்றால் ஒன்றை விட்டு மற்றதைப் பிடிப்பது. விலங்குகளுக்கு இவற்றைச் செய்வோர் சொல்வது ‘நிரப்பு சிகிச்சை’, அதாவது மிருக வைத்தியரின் சிகிச்சையோடு சேர்த்துச் செய்வது. பள்ளிக்கூடத்தில் படித்த நிரப்புக் கோணம் போலத்தான்: இரண்டும் சேர்ந்தால்தான் 90 பாகை. எலும்பு முறிந்திருக்கிறதா, முள்ளந்தண்டு நசிந்திருக்கிறதா என்று மிருக வைத்தியர் பார்க்கும் முன் தடவத் தொடங்கினால் கேடுதான் வரும். நமக்குப் பூசும் நோவெண்ணெயை நாய்க்குப் பூசினால் அது நக்கி விழுங்கிவிடும். பூனைக்கு நோவுக்கென்று ஒரு பரசிட்டமோல் குளிசை கொடுத்தால் உயிரே போகலாம். அன்பினால்தான் செய்கிறோம், ஆனாலும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

அந்தப் பையன் செய்தது நீர்வழித் தேற்றுதல். நாயின் இடுப்பு மூட்டு வரை தண்ணீர் இருந்தால் கால்கள் தாங்குவது அதன் எடையில் ஏறத்தாழ 38 சதவீதம்தான். முழங்கால் வரை என்றால் 85, கணுக்கால் வரை என்றால் 91. அதனால் ஆழத்தில் தொடங்கி, கால் உரம்பெற உரம்பெறக் கரைப்பக்கம் வர வேண்டும். அவனும் கிழமைக்குக் கிழமை அப்படித்தான் கரையை நெருங்கி வந்தான்.

வாடை தொடங்கியதும் கடல் எழும்பிவிட்டது, இறங்க முடியவில்லை. இப்போது வீட்டு முற்றத்தில் தடிகளைச் சாண் இடைவெளியில் கிடத்தி, ஒவ்வொன்றாகத் தாண்டவிடுகிறான். போன ஞாயிறு போயிருந்தேன். சாரம் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. நாய் ஐந்தாவது தடியில் மட்டும் தட்டுப்பட்டது.